கண்ணை மூடிக்கொண்டு மார்க் போட்டவர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை காட்டுப்பாக்கத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். நடுவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: தயாளன் சார் தவறிவிட்டார், மாரடைப்பு. அதே கைப்பேசியில், அவருக்கென்று எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு சண்டை கிடந்தது. 'அந்த ஜோடிக்கு ஆறுதான் போடுவீங்களா? மனசாட்சி வேணாமா சார்?' என்று தொடங்கும். பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எங்களை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. சக்கரக் காலணி கட்டி ஆடும் ஜோடி ஸ்கேட்டிங்கில் ஒவ்வொரு நடுவரும் இரண்டு மார்க் போட வேண்டும். செய்த வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று, இருவரும் சேர்ந்து ஆடிய அழகுக்கு ஒன்று. நான் உடற்கல்வி ஆசிரியை. தலைக்கு மேல் தூக்கினாயா, எத்தனை சுற்று சுற்றினாய், அதைச் சொல் என்பவள். அழகை எந்த டேப்பால் அளப்பது? தயாளன் சாரோ அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேரிங் சோதிக்கும் வேலையில் இருந்தவர். சுற்றிவிட்டுக் காதருகே பிடித்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். போட்டியிலும் அதே பழக்கம்தான், ஆட்டத்தின் நடுவே கண்ணை மூடிக்கொள்வார்.

"தூங்குறீங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"கேட்டுகினு கீறேன் டீச்சர். ஓட்றது ரெண்டு பேரு. ஒரு ஆளு ஓட்ற மாதிரி சத்தம் வந்தா, அதான் அழகு."

"சத்தத்துக்கெல்லாம் ரூல் புக்குல மார்க் கிடையாது."

"அத்த எழுதுனவனுக்குக் காது கேக்கலியோ இன்னாவோ" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருமுல்லைவாயிலில் நடந்த தேர்வுப் போட்டியைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சேக்காட்டிலிருந்து அண்ணன் தங்கை ஜோடி, வேலுவும் கவிதாவும். வேலு தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். கவிதாவுக்கு அந்த வயதுப் பிரிவில் ஆட அதுதான் கடைசி வருடம். முந்தைய போட்டியில் அவர்கள் தோற்றபோது, "தலைக்கு மேல தூக்குற லிஃப்ட் இல்லாம ஸ்டேட் பக்கம் ஆசைப்படாதீங்க" என்று சொன்னது சாட்சாத் நான்தான். இந்த முறை லிஃப்ட்டையும், செய்யப்போகும் வித்தைகளின் பட்டியலில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலைமை நடுவர் தயாளன் சார், விசில் அவர் கழுத்தில். ஆடுபவர்மேல் குறை கண்டு நடுவில் விசில் அடித்தால் அந்த ஆட்டம் செல்லாது, மறுவாய்ப்பும் இல்லை.

இருவரும் அருமையாக ஆடினார்கள். வேலு முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. லிஃப்ட்டுக்கு இன்னும் ஒரு சுற்றுதான். தயாளன் சார் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். நெற்றி சுருங்கியது.

"டீச்சர், அவன் வலது கால ஊன மாட்றான்."

"நல்லாத்தானே போறான்? கண்ணத் திறந்து பாருங்க!"

மூலை திரும்பினார்கள். வேலு குனிந்து தங்கையின் இடுப்பில் கை வைத்தான். சார் விசில் அடித்துவிட்டார்.

அவர்களின் அப்பா தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். "இன்னா சார், பொண்ணு வாய்க்கையில வெளையாடுறியா?" நான் ஓடிப்போய் வேலுவின் எட்டுச் சக்கரத்தையும் அசைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. "அநியாயமாக் கெடுத்துட்டீங்களே சார்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர் சிமெண்டுத் தரையில் வேலுவின் எதிரே உட்கார்ந்தார். "சக்கரத்துல ஒண்ணும் இல்ல நைனா. முட்டியக் காட்டு."

வேலு தங்கையைப் பார்த்துவிட்டுக் கால்சட்டையைச் சுருட்டினான். இறுகச் சுற்றிய கட்டுக்கு மேலும் கீழும் வீங்கிக் கிடந்தது. மூன்று நாளைக்கு முன் வேலையில் அடிபட்டிருக்கிறது, வீட்டில் மூச்சுவிடவில்லை. கவிதா அவனைப் பளாரென்று ஒன்று விட்டாள். "மேல கீறது நான்தானடா! எங்கிட்டகூடச் சொல்லலியே!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நான் மேசைக்குத் திரும்பினேன். என் தாளில், லிஃப்ட் கட்டத்தில், ஒன்பது என்று எழுதியிருந்தது. பட்டியலில் பார்த்ததுமே, தூக்குவதற்கு முன்பே, நானே எழுதி வைத்தது. அவசரமாக ரப்பரால் அழித்தேன். தயாளன் சார் பார்த்துவிட்டார். அன்றும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இருந்திருக்காது.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மட்டும் சொன்னார்: "முட்டி நல்லா இருந்துச்சின்னா, அந்தப் பொண்ணோட கடைசி சான்ஸ என் விசிலு முழுங்கியிருக்கும் டீச்சர்."

அப்புறமும் எங்கள் சண்டை ஓயவில்லை. அவர் ஆறு என்றால் நான் எட்டு. அனுப்பாத அந்தச் சண்டைச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

போன வாரம் அவர் இல்லாமல் முதல் போட்டி. ஒரு ஜோடி லிஃப்ட்டுக்காக மூலை திரும்பியது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். ஒரு சத்தமா, இரண்டு சத்தமா? சத்தியமாகத் தெரியவில்லை சார், உங்கள் காது எனக்கு இல்லை. அந்தப் பெண் பத்திரமாகக் கீழே இறங்கி, மறுபடி நான்கு கால்களின் சக்கரங்களும் உருளும் சத்தம் கேட்கும்வரை பென்சிலைத் தொடவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான்.