நாலு வரி ஜாஸ்தி

காலை ஆறு நாற்பது. பிச்சாவரம் படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளிச் சேற்றோரம் நட்டிருந்த ஒரு தகரப் பலகைதான் முதலில் கண்ணில் பட்டது. பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. ‘தில்லை’ என்று தலைப்பு. அதன் கீழே நான்கு வரிகள். மரத்தின் அறிவியல் பெயர் ஒன்று. உப்புத்தண்ணீர்க் கரையில் வளரும் என்பது இன்னொன்று. இலை உதிரும் முன் சிவக்கும் என்றது மூன்றாவது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்தது என்று நான்காவது வரி முடிந்தது. கடல் ஓதம் ஏறியிருந்தது. பலகையின் அடிப்பகுதி தண்ணீருக்குள் நின்றது.

வரிகளை எண்ணியது பழக்க தோஷம். பத்திரிகையில் உதவி ஆசிரியராகக் காலம் தள்ளியவன் கல்யாண அழைப்பிதழைக்கூட வரி எண்ணித்தான் படிப்பான். சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர்கள் டீக்கடையில் இருந்தார்கள். முதல் படகுக்கு நேரம் இருந்தது. நான் பலகை அருகிலேயே நின்றேன். எங்கோ கருவாடு காயும் வாசனை வந்தது.

அந்த வாசனைக்கு என் நினைவில் ஒரே இடம்தான்: கடலூரில் நான் வேலை பார்த்த நாளிதழ் அலுவலகத்தின் தபால் மேசை. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளை பக்கத்திலிருந்து வரும் அஞ்சலட்டைகளில் எப்போதும் லேசாகக் கருவாடு மணக்கும். தபால் பையும் கருவாட்டுக் கூடையும் ஒரே பஸ்ஸில் வருவதால் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். யாரும் சரிபார்த்ததில்லை.

சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்கு அரைப்பக்கம் வரும். ‘கேட்டுப் பார், செய்து பார்’ என்று பெயர். பிள்ளைகள் கேள்வி அனுப்புவார்கள், நான் பதில் எழுத வேண்டும். நான் படித்தது வணிகவியல். வேறு யாரும் கை தூக்காததால் அறிவியல் என் தலையில் விழுந்தது. கேள்விகளை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளரிடம் போவேன். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, ஏதோ பிறந்தது முதல் எனக்குத் தெரிந்தது போலப் பதில் எழுதுவேன்.

கேள்விகளைச் சொன்னால் நீங்களும் கொஞ்சம் யோசிப்பீர்கள். அண்ணாகிராமத்துப் பையன் ஒருவன், மாங்காய் கிளை நுனியில் தொங்கும்போது பலா மட்டும் ஏன் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு காய்க்கிறது என்று கேட்டான். கம்மாபுரத்திலிருந்து, எங்கள் ஊர் நிலக்கரி ஏன் கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கிறது என்று ஒரு கேள்வி. பெண்ணாடத்துச் சிறுமிக்குக் கரும்புச்சாறு ஏன் நேரமானால் கறுத்துப்போகிறது என்று தெரிய வேண்டும். இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்காத கேள்வி. இத்தனைக்கும் மூன்று ஊர் வழியாகவும் வாரம் தவறாமல் போய் வந்துகொண்டிருந்தேன்.

அதிகம் எழுதியவள் ரேவதி. சிதம்பரத்துப் பெண், ஏழாம் வகுப்பு, அப்பாவுக்குச் சைக்கிள் கடை. ஓர் அட்டையில் மூன்று கேள்விகள், எண் போட்டு இருக்கும். மூன்றாவதுக்கு இடம் போதாமல் முகவரிப் பக்கத்து ஓரத்தில் ஏறிவிடும். பக்கவாட்டில் நடக்கும் நண்டுக்கு எதிரில் இருப்பது தெரியுமா என்று ஒருமுறை கேட்டிருந்தாள். விரிவுரையாளர் அட்டையை வாங்கி இரண்டு தடவை படித்தார். “இத நான் வகுப்புல கேக்கப் போறேன்” என்றார்.

அவளை நினைத்துத்தான் தில்லை மரத்தைப் பற்றி எழுதினேன். சிதம்பரத்துப் பிள்ளைகள் தில்லை, தில்லை என்று கேட்டு வளர்கிறார்கள்; ஊருக்குள் அந்த மரத்தைத் தேடினால் கிடைக்காது; காயல் கரைக்குப் போய்ப் பாருங்கள், இலை எப்படி இருக்கிறது என்று குறித்து, ஓர் இலையைத் தாளில் ஒட்டி அனுப்புங்கள் என்று எழுதினேன். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘மரத்திலிருந்து இலையைப் பறிக்கக் கூடாது. காம்பில் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். உதிர்ந்து காய்ந்த இலையை மட்டும், பெரியவர்கள் துணையோடு எடுக்கவும்.’ அச்சில் நான்கு வரி.

வெள்ளிக்கிழமை மாலை, பக்கம் ஒட்டும் செல்வராசு அறைக்கு வெளியே தலையை நீட்டினான். கையில் பிளேடு. அப்போதெல்லாம் அச்சடித்த தாளை வெட்டி ஒட்டித்தான் பக்கம் செய்வோம்.

“மச்சான், ஜவுளிக்கடை விளம்பரம் சொன்னத வுட பெருசா வந்துருக்கு. உன் மரம் நாலு வரி ஜாஸ்தி. எங்க வெட்டட்டும்?”

நான் ஒரு விபத்துச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“கீழ வெட்டுடா.”

“பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் என்ன ஏசாத.”

“கீழ வெட்டுன்னா வெட்டேன்.”

உங்களுக்கு இந்தத் தொழில் பழக்கமில்லை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். செய்தியில் முக்கியமானது முதல் வரியில் வரும். போகப்போக முக்கியம் குறையும். இடம் போதாவிட்டால் படித்துக்கூடப் பார்க்காமல் அடியிலிருந்து வெட்டலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். செய்திக்கு அந்த விதி சரி. நான் எழுதியது செய்தி அல்ல. பிள்ளைகளுக்கு எதையும் ஆசை காட்டித் தொடங்கி, எச்சரிக்கையில் முடிப்பது என் வழக்கம்.

திங்கட்கிழமை பகல், லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிப்பவர், ரேவதியின் தாய்மாமன். சட்டைப் பையில் சனிக்கிழமைப் பேப்பரின் அந்தத் துண்டு மடித்து இருந்தது.

“இத எழுதுனவுரு யாரு சார்?”

நான் எழுந்து நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகள் பேப்பரோடு வந்ததையும், தில்லை மரம் எங்கே மாமா என்று கேட்டதையும் சொன்னார்.

“நான் இன்னா சொன்னேன், அது கோயிலு மரம், சிதம்பரத்துல தேடுன்னேன். நாங்க அத பால்மரம்னுதான் சொல்லுவோம் சார். அதுதான் தில்லைன்னு எனக்கு யாரு சொன்னா? பேப்பர பாத்து இந்தப் புள்ளயே போயி தேடிக் கண்டுபுடிச்சிருக்குது. காம்ப ஒடிச்ச கையோட கண்ணக் கசக்கிடுச்சி. நான் கத்திக்கினு ஓடறதுக்குள்ள ரெண்டு கண்ணும் வீங்கிப்போச்சி.”

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார்.

“பால் படாம பாத்துக்கன்னு ஒரே ஒரு வரி போட்டிருக்கலாமுல்ல சார்?”

“எழுதியிருந்தேன்” என்றேன்.

“எங்க?”

அவர் துண்டை விரித்து, விரலை வைத்துக் கடைசி வரி வரை இறங்கினார். பிறகு, பின்பக்கம் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு மரண அறிவிப்பின் பாதி இருந்தது. செல்வராசு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவரோடு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. இன்னும் மூன்று நாள் கழித்துப் பிரித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரேவதியின் அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமன்தான் குனிந்து, பேப்பர்காரர் வந்திருக்கிறார் என்றார்.

மன்னிப்புக் கேட்க வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“சார், அந்தப் பாலு மரத்துக்கு எதுக்கு சார்?”

“தெரியலம்மா.”

“உங்களுக்குத் தெரியாதா?” அவள் குரலில் கேலி இல்லை, உண்மையான ஆச்சரியம் இருந்தது. இத்தனை நாள் நான் கட்டியிருந்த வேஷம் அந்தக் கட்டிலோரம் கலைந்தது.

“கேட்டுச் சொல்றேன்.”

“இலை இன்னும் இருக்கா மாமா? ஒட்டி அனுப்பணும்.”

“சும்மா கெட கழுத” என்றார் மாமன். அவர் கண் கலங்கியிருந்தது.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தபோது நான் வாசலில் இருந்தேன். வலது கண் தெளிவாக இருந்தது. இடது கண்ணால் பார்க்கச் சொல்லி, கையிலிருந்த அன்றைய பேப்பரை டாக்டர் விரித்துக் காட்டினார். “தலைப்பு தெரியிது. கீழ இருக்கறது தெரியல” என்றாள். கருவிழியில் தழும்பு விழுந்திருந்தது. போகப்போகக் கொஞ்சம் தெளியலாம் என்றார்கள். கொஞ்சம் தெளிந்தது என்று பிற்பாடு மாமன் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை எச்சரிக்கையை முதல் வரியில் போட்டேன். அது சென்ற வாரம் ஏன் இல்லை என்று எழுத ஆசிரியர் அனுமதிக்கவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அதே பக்கத்தில் அவள் கேள்விக்கும் பதில் வந்தது: பால் பிசுபிசுத்து மரத்தின் காயத்தை மூடும், இலை தின்ன வரும் பூச்சியை விரட்டும். விரிவுரையாளர் சொன்னதை, அவர் சொன்னதாகவே எழுதினேன்.

சில மாதங்கள் அவளிடமிருந்து தபால் இல்லை. நானும் எதிர்பார்க்கும் உரிமை இல்லாதவனாகத்தான் தினமும் தபால் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் ஓர் அட்டை வந்தது. எழுத்து முன்னைவிடப் பெரிதாக, வரி சற்றே மேல்நோக்கி ஏறி இருந்தது. வழக்கமான மூன்று கேள்விகள் இல்லை, ஒரே ஒரு கேள்விதான். ‘வலது கண்ணில் நன்றாகத் தெரிந்தும் ஊசியில் நூல் கோர்க்க ஏன் தடுமாறுகிறது? பெயர் கட்டாயம் போடவும்.’

இரண்டு கண்ணும் இரண்டு கோணத்தில் பார்க்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது என்று பதில் எழுதினேன். பக்கத்தின் உச்சியில் வைத்தேன். ரேவதி, சிதம்பரம் என்று தடித்த எழுத்தில் பெயர். செல்வராசு அதை ஒட்டும்போது அளவுகோலை இரண்டு தடவை வைத்துப் பார்த்தான்.

அந்தப் பக்கம் இப்போது இல்லை. முதலில் கால்பக்கமானது, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு நின்றது. பிளேடும் பசையும் போயின. தபால் மேசை இருந்த இடத்தில் கடைசியாகப் போனபோது தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தார்கள். கேள்வி கேட்கும் பிள்ளைகள் போனிடமே கேட்டுக்கொள்கிறார்கள். போனில் படிக்கும் பக்கத்துக்கு அடி என்று ஒன்று கிடையாது, எத்தனை வரியும் போகலாம். செல்வராசு உயிரோடு இல்லை. ரேவதி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

எட்டு இருபதுக்கு உறவினர்களை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. கை காட்டிவிட்டுத் திரும்பினேன். ஓதம் ஒரு சாண் வடிந்திருந்தது. பலகையில் ஐந்தாவது வரி ஒன்று இருந்தது: ‘பால் கண்ணில் படக் கூடாது.’