சிப்பியோடு குரங்கணிக்கு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அக்கா மூச்சடக்கி நின்ற ஒரு காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண். தூத்துக்குடிக் கடலோரச் சிப்பிப் பண்ணையில் என்னோடு வேலை பார்த்தவள், எனக்கு மூத்தவள். கழிமுகத்துச் சிப்பி சீக்கிரம் வளரும். கோடையில் தண்ணீரில் உப்பு ஏறினால் செத்துவிடும். பாறைச் சிப்பி உப்பைத் தாங்கும், வளர்வதுதான் மெதுவு. இரண்டையும் கலந்து, உப்பிலும் செழிக்கிற ஓர் இனத்தை உண்டாக்கப் பார்த்தாள். குஞ்சுகள் பொரிந்து நீந்தும். பழைய சிப்பி ஓடுகளைப் போட்டுவைத்திருப்போம், அவற்றில் ஒட்டினால்தான் பிழைக்கும். ஒட்டுவதற்குள் செத்துவிடும். வருஷக்கணக்கில் இதே கதைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். "ஒண்ணே ஒண்ணு ஒட்டுனாலும் எனக்குக் கொண்டாந்து காட்டணும்டி" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அடுத்த மழைக்காலம் முடிகையில் ஒட்டின. மிளகளவுக் குஞ்சுகள் அப்பியிருந்த ஓடு ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு போடிக்கு வந்து, ஜீப்பில் தொற்றி மலையேறினேன். வாசலில் அவள் கணவர் மட்டும் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சேதி வரவில்லை என்று புரிந்துகொண்டார்.

"போன வாரம் தாயி. காய்ச்சல். மழையில ரோடு சரிஞ்சு கெடந்துச்சு. தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். போடி போய்ச் சேரல."

கொண்டுவந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவரே சாக்கை வாங்கிப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதா? இதைத்தான் தினம் பேசுவா. உசுரு இருக்கா?"

"இருக்கு. சீக்கிரம் கடல்தண்ணியில விடணும்."

"அப்ப ஏன் நிக்கிறே? வெரசா ஏறு."

அழக்கூட நேரம் தரவில்லை. ஜீப்பை அவரே ஓட்டினார். வழியில் ஓர் ஓடையில் நிறுத்திச் சாக்கை நனைக்கப் போனார். நல்ல தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்றேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். போடியில் நான் ஏறிய பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை.

குஞ்சுகளில் பாதிக்குமேல் பிழைத்தன. அந்தக் கோடையில் உப்பு ஏறிப் பக்கத்துத் தொட்டிகளெல்லாம் நாறிப்போயின, இவை சாகவில்லை. அதைச் சொல்ல மறுபடி மலையேறினேன். ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று கேட்டவர், சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏ புள்ள, கேட்டியா! பொழச்சிருச்சாம்!"

திறந்து கிடந்த கதவை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.