சாரலுக்குக் காத்திருந்த கையெழுத்து

தேதி போடாமல் எதையும் எழுதுவது என் வழக்கமில்லை. படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்கூட, முடித்த நாளைக் குறித்துவைப்பேன். ஆனால் இதில் வருஷத்தைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த அதிகாரி யார் என்று தென்காசியில் வயதானவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. இரண்டாவது யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாதங்களை மட்டும் சொல்கிறேன். என்னைக் கெடுத்தவை மாதங்கள்தான்.

வைத்தியம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. செங்கோட்டையில் அம்மாவின் தங்கை மலைக்காய்ச்சலில் கிடந்தபோது தென்காசிக்கு டாக்டரைக் கூட்டிவர வண்டி அனுப்பினார்கள். வண்டி திரும்பி வந்தபோது அதில் டாக்டர் இருந்தார். வீட்டில் சித்தி இல்லை. அதனால் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் சேர்ந்தபோது, கணக்கு எடுக்கச் சொன்ன அப்பாவை எதிர்த்து விஞ்ஞானப் பிரிவை எடுத்தேன். விடுமுறைக்கு வந்தால் சிற்றாற்றுப் பாசன வயல்களில் தவளை பிடித்து, மாட்டுத் தொழுவத்தில் ஒரு பலகைமேல் குண்டூசி குத்தி அறுத்துப் பழகுவேன். அம்மா அந்தக் கத்தியைக் கடைசிவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. தம்பி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தான்.

சித்திரையில் பரீட்சை நன்றாக எழுதினேன். வைகாசி முடிவதற்குள் முடிவும் வந்தது, முதல் வகுப்பு. சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட எல்லாம் தயாராக இருந்தது. மாகாணத்தைச் சேர்ந்தவன்தான் என்பதற்கு ஓர் அத்தாட்சி மட்டும் வேண்டும். ஜனனப் பதிவைப் பார்த்து நகல் எடுத்துத் தரும்படி கிராம முன்சீப்பிடம் போய் நின்றேன். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம புஸ்தகப்படி நீ இன்னும் பிறக்கவே இல்லையேடே! பிறந்த பிறகு வா, பாப்போம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தலைப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அம்மாவுக்குத் தாய்வீடு செங்கோட்டை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் காலாற நடக்கும் தூரம்தான். ஆனால் அன்று நடுவில் ஒரு சுங்கச் சாவடி இருந்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சர்க்கார், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. நான் பிறந்த செய்தி மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில், வேறொரு ராஜ்ஜியத்தில் பதிவாகியிருந்தது.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைப்பிள்ளைய அம்மை வீட்டுல பெறாம ரோட்டுலயா பெறுவாவ? சர்க்கார்காரனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையாக்கும்?"

செங்கோட்டை மாமாவோ குதூகலமாகிவிட்டார். "மாப்ளே, எங்க மகாராசா பிள்ளைலே நீ! அங்கன ஏன் போய்க் கெஞ்சுத? திருவனந்தபுரத்துல கேப்போம்" என்று அவரே கூட்டிப்போனார். அங்கே இருந்த குமாஸ்தா, அப்பாவுக்கு எந்த ஊர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தென்காசி என்றதும் தாளைத் திருப்பி நீட்டிவிட்டார். 

வழி இல்லாமல் இல்லை. எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தென்காசியில் நிலம் வைத்து வரி கட்டுகிறது என்று டிப்டி கலெக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று முன்சீப்பே சொன்னார். ஆனிக் கடைசிக்குள் அது சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். டிப்டி கலெக்டரின் ஆபீஸ், அன்றைய பேச்சில் கச்சேரி, திருநெல்வேலியில். காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். நான் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அப்பா விடவில்லை.

"ஏலே, கச்சேரியில போய் நின்னா டவாலிச் சேவகன் மூஞ்சியைத்தான் பாக்கலாம். அவன் 'அப்புறம் வா'ன்னு சொல்லுவான். ஐயாவே ஒரு தடவை மாட்டேன்னு எழுதிட்டாருன்னா அப்புறம் பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது. இன்னும் கொஞ்ச நாள்ல சாரல் விழுந்துரும். ஐயா குற்றாலத்துக்கு வந்துருவாரு. அருவியில நின்னுட்டு வருத மனுசன் எதுக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டான்."

இது அப்பாவின் தனிக் கிறுக்கு இல்லை. எங்கள் ஊரில் காரியம் நடக்கும் முறையே அதுதான். சீசன் வந்தால் ஜில்லாவின் பெரிய மனிதர்கள் எல்லாரும் குற்றாலத்துப் பங்களாக்களில் இறங்குவார்கள். கால்வாய்த் தகராறு, துப்பாக்கி லைசென்ஸ், வாத்தியார் மாற்றல் எல்லாம் ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தோடு அங்கேதான் தீரும். வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த மனுக்களோடு ஆலங்குளத்திலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். எங்கள் மடைத் தகராறையும் அப்பா அப்படித்தான் தீர்த்திருந்தார். அவரைத் தப்பென்று சொல்ல என்னிடம் ஓர் உதாரணமும் இல்லை.

அந்த வருஷம் சாரல் விழவில்லை.

ஆனி பிறந்தது. மலைமேல் மேகம் வந்து நிற்கும். எங்கள் கண்ணெதிரிலேயே கலைந்துபோகும். அருவியில் பாறையை நனைக்கும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் வெறும் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பங்களா பூட்டிக் கிடந்தது. அப்பா தினமும் போய்க் காவல்காரனிடம் விசாரிப்பார். அவன், "அண்ணாச்சி, தண்ணி இல்லாம ஐயா இங்கன வந்து பாறையிலயா உருளுவாரு?" என்பான்.

"நான் திருநெல்வேலிக்கே போயிட்டு வாரேம்பா" என்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"அவசரப்படாதலே. காத்து திரும்பிட்டு. இன்னைக்கோ நாளைக்கோதான்."

அப்பாவுக்குத் தெரியாமல் நான் போயிருக்கலாமே என்று பிற்காலத்தில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வீட்டுப் பட்டாவும் வரி ரசீதுகளும் அப்பாவின் பெட்டியில் இருந்தன. பெட்டிச் சாவி அவர் அரைஞாணில் இருந்தது.

ஆனி முடிந்தது. ஆடி பிறந்த பிறகு, மேல்காற்றோடு மழை இறங்கியது. அருவி விழும் சத்தம் கேட்கிறது என்று தெருவில் எல்லாரும் கூவினார்கள். பங்களாவும் திறந்தது. அப்பா புது வேட்டி உடுத்தி, பழக்கூடையை என் தலையில் ஏற்றிக் கூட்டிப்போனார்.

டிப்டி கலெக்டர் ஈரத்துண்டோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். ரசீதுகளை ஒரு பார்வை பார்த்தார், உள்ளேயிருந்து பேனா கொண்டுவரச் சொன்னார், போட்டுவிட்டார். அவர் முடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை லேசாகக் கலங்கியது.

"இதுக்கா இத்தனை நாள் காத்திருந்தீங்க? கச்சேரிக்கு வந்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே! பையன் நல்ல மார்க் வாங்கியிருக்கானே" என்றார்.

அப்பா சிரித்தார். எஜமான் இறங்கி வந்த இடத்தில் வாங்குவதுதான் மரியாதை என்று ஏதோ சொன்னார். நான் கூடையை இறக்கி வைத்தேன்.

தாளைத் தபாலில் அனுப்பினோம். காலம் கடந்து வந்ததால் பரிசீலிக்க இயலவில்லை என்று பதில் வந்தது. மறு வருஷமும் விண்ணப்பித்தேன். இந்தத் தடவை எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. நேர்முகத்தில் ஒருவர், "நடுவில் ஒரு வருஷம் என்ன செய்தாய்?" என்று கேட்டார். சாரலுக்குக் காத்திருந்தேன் என்று சொல்ல முடியுமா? உடம்பு சரியில்லை என்றேன். உடம்பு சரியில்லாதவனுக்கு அங்கே இடம் இல்லையாம்.

நான் ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தா ஆனேன். என் தவளைப் பலகை எங்கே போயிற்று என்று தெரியாது. புத்தகங்கள் மட்டும் தம்பிக்குப் போயின.

தம்பி இரண்டாவது பிள்ளை. இரண்டாவது பிரசவத்துக்கு யாரும் தாய்வீடு போவதில்லை. அவன் தென்காசியில், எங்கள் வீட்டு உள்ளறையில் பிறந்தவன். யுத்தத்தின் நடுவில் அவனும் விண்ணப்பம் போட்டான். அவனுக்கு அதில் பெரிய ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா போடச் சொன்னார், போட்டான். முன்சீப் முதல் புரட்டிலேயே அவன் பெயரைக் கண்டுபிடித்தார். யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் இறங்கிவிட்டது. வேண்டியிராத காரியத்துக்கு அப்பா பழக்கூடை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனார். அப்போது இருந்த வேறொரு அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். தம்பிக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று, கச்சேரியிலிருந்து திரும்பி நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கடிதத்தை என்னிடமே கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பாத்தியாலே," என்றார் முகமெல்லாம் மலர்ந்து, "சாரல் மட்டும் நேரத்துக்கு விழுந்துட்டா காரியம் தன்னால நடக்கும்."