பூசையம்மாவின் பாவசங்கீர்த்தனம்

பூசையம்மா கண்ணை மூடிய அன்று தெருவே ஒரே குரலில் சொன்னது, "நேரா மோட்சம்தான்" என்று. மருமகளுக்கு அதில் துளிகூடச் சந்தேகமில்லை. மோட்ச வாசலில் இருப்பவர் இந்நேரம் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்திருப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். பூசையம்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. அதில் எழுபது வருஷம் மாதா கோவிலில் காலைப் பூசை தவறியதில்லை, பிள்ளை பெற்ற மூன்று நாளைத் தவிர. அந்த மூன்று நாளையும் கடைசிவரை மகனுடைய குற்றமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அவளுக்கு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள். வருகிற கடிதத்தை ஒரு பார்வை பார்த்து, அதனதன் அறையில் போட வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் கை அப்படியே பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு கடிதத்துக்கு எங்கே போவாள்? மனிதர்களைப் பிரித்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர் மோட்சம். பூசை நடுவே கொட்டாவி விடுகிற அவர் மனைவி, மோட்சத்துக்குமுன் பாவம் கழியக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம். பாதியில் வந்து பாதியில் போகிற சொந்தத் தம்பி நரகம், அதில் மறுபேச்சே இல்லை. மருமகளை எந்த அறையில் போடுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. விலாசம் புரியாத கடிதத்தை மேசை ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்களே, அப்படி முப்பது வருஷம் அவளை ஒதுக்கி வைத்திருந்தாள்.

மருமகள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் இரண்டிரண்டு முறை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் முறை வரும். ஆண்டவரே ஓய்வெடுத்த நாளில் இவள் வண்டி கூப்பிடுகிறாளே என்று மாமியாருக்கு ஆற்றாமை. பேத்தி பரீட்சைக்குப் போகும்போது அவள் மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றி அனுப்புவாள் கிழவி. மதிப்பெண் நன்றாக வந்தால் அது ஜெபமாலையின் வேலை. குறைந்தால் அது அம்மாக்காரியின் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்தப் பேத்திக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கிழவி பதினொரு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நமக்குத்தான் பாவம்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம். இதில்தான் சிக்கல். எவ்வளவு தேடியும் தன்னிடம் ஒரு பாவமும் அகப்படாததால், வீட்டில் இருப்பவர்களுடைய பாவங்களைப் பொறுக்கிக்கொண்டு போவாள். மகன் சாப்பிடுமுன் ஜெபிக்க மறந்தது, மருமகள் ஜெபமாலை நடுவே தூங்கி விழுந்தது, பேத்தி கண்ணாடி முன்னால் நின்ற நேரம், எல்லாம் வரிசையாக வரும். கோவிலுக்கு மாறி மாறி வந்த சாமியார்கள் எல்லாரும் தம்மால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தார்கள்.

"உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்கம்மா."

"எனக்கு ஏது சாமி பாவம்? இவங்களோட மல்லுக்கட்டவே நேரம் சரியா இருக்கு."

எழுபத்தைந்து வயதில் காது போனது. மகன் வாங்கிக் கொடுத்த காதுக்கருவியைப் பிரசங்க நேரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்வாள், மற்ற நேரம் பேட்டரி வீணாகிவிடுமாம். ஆகவே பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது சாமியார் உட்கார்ந்து கேட்கிற மரக்கூண்டில், அவள் கத்திச் சொல்வது கடைசி பெஞ்சுவரை கணீரென்று கேட்கும். சனிக்கிழமைகளில் கோவிலில் கூட்டம் கூடியது. தங்கள் பக்தி வளர்ந்துவிட்டது என்று கோவில் ஜனமே பெருமைப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்கு நன்றாக மனப்பாடமான பாவம் ஒன்று உண்டு: "என் மருமக மாதா சுரூபத்தை உடைச்சிட்டா சாமி." பூசையம்மாவின் தாய் கொடுத்த சின்னச் சிலை அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மருமகள் வேலை முடிந்து வந்தபோது, மாதா தலை வேறு உடல் வேறாகத் தரையில் கிடந்தாள். நீ வைத்த இடம் சரியில்லை என்று முதலில் சொன்ன மாமியார், மறுநாள் நீ தட்டிவிட்டாய் என்றாள், அதற்கடுத்த நாள் நீதான் உடைத்தாய் என்று முடித்துவிட்டாள். மகன் பசை போட்டு ஒட்டினான். கழுத்து சற்றே கோணியதால், அன்றிலிருந்து மாதா சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷனும் அம்மா சொன்னதையே நம்பினான். சின்னச் சண்டை வந்தாலும், மாதாவையே உடைத்தவள்தானே என்பான். நிலையத்து நடத்துனர்கள்கூடக் கேலி பேசினார்கள். மருமகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சாவதற்குள் அந்த வாய் ஒரே ஒரு தடவை, நீ உடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் கிழவி படுத்துவிட்டாள். இளம் சாமியார் வீட்டுக்கே வந்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தி என்ன பயன்? சமையலறையில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்த மருமகளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சாமி, மாதாவை உடைச்சது நான்தான். ஈரத்துணியால துடைச்சேன், கை நழுவிடுச்சு. பழியை அவ தலையில போட்டுட்டேன். பாவசங்கீர்த்தனத்துலயும் பொய்தான் சொன்னேன்."

சாமியார் ஏதோ மெல்லச் சொன்னார். கிழவிக்குக் கேட்கவில்லை போலும், இன்னொரு முறை சொன்னார்.

"அவகிட்டயா? மருமககிட்ட நான் போய் எப்படி சாமி மன்னிப்புக் கேக்குறது?"

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்மா கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு அவர் முன்னறைக்குப் போனார். மருமகள் அவசர அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷம் என்றால் சும்மாவா? கிழவி அவளைப் பார்த்தாள், கோணல் மாதாவைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மாதாவை உடைச்சியே, அதை நான் மன்னிச்சிட்டேன்."

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. "சரி அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கஞ்சியை ஆற்றினாள்.

நான்கு நாளில் கிழவிக்குக் குரலும் போய்விட்டது. கடைசி நாள் வந்தது, அடக்கமும் வந்தது. அம்மாவைப் பற்றி மகன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். குரல் நன்றாக இருப்பவள் நீதான், நீயே வாசி என்று மனைவியிடம் நீட்டிவிட்டான். கோவில் நிறையக் கூட்டம். பூசை, ஜெபமாலை, பேத்தியின் மஞ்சள்காமாலை எல்லாம் வாசித்தாகிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் அந்த வரி நின்றது.

"அம்மா தன் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை."

பீடத்தருகே நின்ற இளம் சாமியார் தன் செருப்பை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். மருமகள் வாசித்தாள். பிறகு அதையே, பேருந்து நிலையத்தில் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை வாசித்தாள். பழக்கதோஷம் என்று புருஷன் நினைத்தான். பாசம் என்று தையல்காரர் மனைவி மூக்கைச் சிந்தினாள். சாமியாருக்கு மட்டும் இருமல் வந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மருமகள் தொட்டியில் போய் முழங்காலிட்டாள். பதினாறு வருஷமாகச் சனிக்கிழமைகளில் அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை, கூட்டத்துக்குப் பயந்து. இப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று வந்தாள்.

"ஃபாதர், என் மாமியார் இருபத்திரண்டு வருஷமா..."

"உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்கம்மா."

சுருக்கென்றது. அந்தத் தொட்டியில் யாருடைய வாயால் பேசத் தொடங்கினோம் என்று அவளுக்கே தெரிந்தது. பின் பெஞ்சில் தையல்காரர் மனைவி கொட்டாவிகூட விடாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடைசி நாள் அவங்களுக்குப் பேச்சு வரல. போர்வைமேல கையை நகர்த்தி நகர்த்தி என் கையைத் தேடினாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும். நான் கொடுக்கல."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கையில டம்ளர் இருந்துச்சு ஃபாதர். கீழே வச்சிருக்கலாம்."