எட்டுப் பேருக்கு ஒரு கட்டைவிரல்

பிள்ளைங்களே, உங்க மாமா, அதான் என் அக்கா புருஷன், எதுக்கு ஜெயிலுக்குப் போனாருன்னு நீங்க கேட்டப்பல்லாம், "சாராயக் கேஸு"ன்னு சொல்லி வாயை மூடிக்கிட்டேன். அவர் சாராயத்தைத் தொட்டவரே இல்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன். எட்டாவது வரைக்கும் படிச்சவன் எழுத்து, பொறுத்துக்குங்க.

அப்ப மதுவிலக்கு இருந்த காலம். சித்தூர் திருப்பதி ரோட்டோரத்துல ஒரு சொசைட்டியில கரும்புக்காரங்களுக்கு உரம் கொடுக்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு மூட்டை மேலயும் மெம்பர் நம்பரை நான்தான் நீலச் சாயத்துல எழுதுவேன். மெம்பரே வந்து ரிஜிஸ்டர்ல கைநாட்டு வைக்கணும்ங்கிறது சட்டம். ஆனா லோடு வர்ற அன்னிக்கு யார் வண்டி கட்டிக்கினு வராங்களோ, அவங்களே ஊருக்கெல்லாம் ஏத்திக்கினு போறது வழக்கம். ஒரே ஆள் எட்டுப் பேருக்கும் கட்டைவிரலை வைப்பான். மைப்பெட்டியை நானே நகர்த்திக் குடுப்பேன். எல்லாம் தெரிஞ்ச ஜனங்கதானே.

அந்தத் தடவை வந்தவன் மாமாவோட பக்கத்து நிலத்துக்காரன்.

"மாமா காய்ச்சல்ல படுத்துக்கினு இருக்கார். அவர் மூட்டையும் நானே எடுத்துக்கினு போறேன்."

"விரலு தேஞ்சிடப் போவுதுடா உனக்கு."

"தேஞ்சா உன் விரலைக் கடன் குடு"ன்னு சிரிச்சான்.

லோடு இன்னும் வரலைன்னு மாமாகிட்ட பொய் சொல்லிட்டு, அந்த மூட்டையை மலையடிவாரத்துல சாராயம் காய்ச்சுறவங்களுக்கு வித்துட்டான். ஊறல் சீக்கிரம் பொங்கணும்னு உரத்தைக் கலப்பாங்க. குடிச்சவங்க வயிறு என்ன ஆகும்னு யார் பார்த்தா? ரெய்டுல பானைங்க பக்கத்துல வெறுங்கோணி ஒண்ணு கிடைச்சுது. அதுல மாமாவோட நம்பர், என் கையால எழுதினது. போலீஸ் மாமாவைப் பிடிச்சிக்கினு போச்சு. அந்தப் பக்கத்து நிலத்துக்காரன் ஊரை விட்டே ஓடிட்டான்.

உண்மையைச் சொல்லிடறேன்னு சொசைட்டி செக்ரட்டரிகிட்ட போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இன்னொருத்தன் விரலை வைக்க விட்டது யாரு? நீ. மாட்டினவன் யாரு? உன் அக்கா புருஷன். ரெண்டு பேரும் கூட்டுன்னு போலீஸ்காரன் எழுதுவான். வேலையும் போவும், நீயும் உள்ள போவ. மூணு குழந்தைங்கப்பா உனக்கு."

கோர்ட்டுல என்னைச் சாட்சியா ஏத்தி, சர்க்கார் வக்கீல் ரிஜிஸ்டரை நீட்டி, "ஈ வேலிமுத்ர எவரிதி?"ன்னு கேட்டார். இந்தக் கைரேகை யாருதுன்னு. மை அப்பி வெறும் கரும்பொட்டாத்தான் இருந்தது. கூண்டுல நின்ன மாமா என்னையே பார்த்துக்கினு இருந்தார். பயம் இல்லை அவர் முகத்துல. மச்சான் வந்துட்டான், இனிமே வீட்டுக்குப் போயிடலாம்னு ஒரு தெம்பு.

"மெம்பரோடதுங்க"ன்னேன்.

சாராயத்துக்கு ஒரு தண்டனை, பயிருக்குக் கொடுத்த உரத்தை வேற வேலைக்குத் திருப்பி விட்டதுக்கு இன்னொண்ணு. ஒண்ணு முடிஞ்ச பிறகுதான் அடுத்ததுன்னு ஜட்ஜு படிச்சார். வராண்டாவுல கான்ஸ்டபிள் பக்கத்துல நின்னுக்கினு மாமா கேட்டார்: "மச்சான், நான் அன்னிக்கு எழுந்திரிக்கவே இல்லியேடா. உனக்குத் தெரியாதா?"

நான் படி இறங்கிப் போயிட்டேன்.

மாமா ஜெயில்ல இருந்து வெளியே வந்து நாலு வருஷம் உயிரோட இருந்தார். இந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அவர் எடுக்காததுதான் எனக்கு ஆறல. உங்க அத்தைக்கு இன்னிக்கும் தெரியாது. நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன்.

தீர்ப்புக்கு மறுநாள் லீவு போட்டுட்டு மாமா நிலத்துக்குத் தனியா போனேன். கரும்பு நுனியெல்லாம் வாடிக் கிடந்தது. கால்வாய்ல புல்லு அடைச்சிருந்தது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு கையாலயே பிடுங்கிப் போட்டேன். மோட்டாரைப் போட்டு, கடைசிப் பாத்திக்குத் தண்ணி ஏறுற வரைக்கும் வரப்புல நின்னேன். அப்புறம் மடையை அடைச்சிட்டு, அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாம பஸ் ஏறிட்டேன்.