தேதி எழுதாத ராஜினாமா

செங்கல்பட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்த அன்றே என் அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் அடுத்த ஆண்டுக்கான பணி நீட்டிப்புக் கடிதத்தோடு இன்னொரு தாளும் வரும். அது என் ராஜினாமாக் கடிதம். காரணம் 'சொந்த அலுவல்' என்று தட்டச்சாகியிருக்கும். தேதி மட்டும் காலியாக இருக்கும். எட்டு முறை கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் போட்டார்கள்.

ஒன்பதாவது ஆண்டு கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று பேராசிரியர்களை மாமல்லபுரம் அழைத்துப்போகும் பொறுப்பு எனக்கு. கடலோர ஓட்டலில் வஞ்சிர வறுவலுக்குக் காத்திருந்தபோது பேச்சு சம்பளத்தில் வந்து நின்றது. அமெரிக்கருக்கு ஆறு ஆண்டு சோதனைக் காலமாம். தேறிவிட்டால் யாரும் லேசில் அசைக்க முடியாது. ஆனால் அதே ஊரில் பாடம் எடுக்கும் அவர் மனைவிக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி, மருத்துவக் காப்பீடுகூடக் கிடையாது. பிரெஞ்சுக்காரர் முப்பது வயதிலேயே நிரந்தரமானவர். அவர் தன் சம்பளத்தைச் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள்; அவரும் சேர்ந்து சிரித்தார். ஜெர்மன் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தொரு வயது, நல்ல சம்பளம், ஆனால் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். இரண்டு ஆண்டு கழித்து எங்கே இருப்பேன் என்று தெரியாது என்றார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "உங்களை நீக்குவதென்றால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும்?"

மாதக் கணக்கெல்லாம் இல்லை, தேதியில்லாத என் ராஜினாமா அவர்களிடம் இருக்கிறது, வேண்டும்போது தேதி போட்டுக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதில் ஏன் கையெழுத்துப் போடுகிறீர்கள்?"



அந்த ஏப்ரலில் ராஜினாமாத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். உள்ளூர்க்காரரான அலுவலக மேலாளர் பதறிவிட்டார்.

"இன்னா மேடம், வருசா வருசம் அல்லாரும் போட்டுகினுதானே கீறாங்க. நீங்க மட்டும் இன்னாத்துக்கு பேஜாரு பண்றீங்க?"

"ராஜினாமா பண்ற எண்ணமே எனக்கு இல்லையே சார்."

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். "வெளிநாட்டுல மட்டும் யாருக்கும்மா நிரந்தர வேலை இருக்கு?" என்றார்.

"ஜெர்மனியில ஒப்பந்தம்தான் சார். ஆனா அது முடியற தேதி அதுலயே எழுதியிருக்கும். அமெரிக்காவுல ஆறு வருஷம் பார்த்துட்டு முடிவு சொல்லிடறாங்க. நீங்க ஒன்பது வருஷம் பார்த்துட்டீங்க. பிரான்சுல சம்பளம் கம்மி, ஆனா நாளைக்கும் வேலை இருக்கும். மூணுல எதை வேணும்னாலும் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு நீட்டிப்பு வரவில்லை.

கல்பாக்கத்தில் அரசு வேலையில் இருந்த என் கணவர், "என் சம்பளம் இருக்கே, விட்டுடேன்" என்றார்.

"அது உங்க வேலை. நான் என் வேலையைப் பத்திப் பேசறேன்."

சான்றிதழ்கள் வேண்டுமானால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு என்றது கல்லூரி. நான் கட்டவில்லை. தினமும் காலை பத்து மணிக்குப் போய் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள். நான்காம் நாள் இரண்டு மாணவிகள் ஒளிவிலகலில் சந்தேகம் கேட்டு வந்தார்கள். மறுநாள் இருபது பேர். பெஞ்சைச் சுற்றியே வகுப்பு நடந்தது. பிள்ளைகளைச் சேர்க்க இடம் பார்க்க வந்த பெற்றோர், இந்தம்மா ஏன் வெளியே பாடம் எடுக்கிறார் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

பதினோராம் நாள் மேலாளர் என் சான்றிதழ்க் கோப்போடு வந்தார்.

"சரி பார்த்துக்கோங்க மேடம், அல்லாம் கீது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வருசம் மூணு பேரு அந்த லெட்டர்ல அவங்களே தேதி போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆவற தேதி!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மதுராந்தகம் பக்கம் வேறொரு கல்லூரியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. நியமன ஆணையை அங்கேயே உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். முன்னறிவிப்பின்றி நீக்கலாம் என்ற ஒரு வரி சரியில்லை என்று முதல்வரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார், ஆனாலும் திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.