எந்தப் போன்ல பார்த்தீங்க?

வெப்சைட் செய்வது பெரிய வித்தை இல்லை. அதை யார், எந்தத் திரையில் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் செய்தவர் கையில் இல்லை.

நானும் தில்லிபாபுவும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இந்த வேலையைச் செய்கிறோம். ஆர்டர் பிடிப்பது அவன், பக்கத்தைக் கட்டுவது கலை என்கிற நான். ஒரே பக்கம் உள்ளங்கை போனிலும் தெரிய வேண்டும், மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும், சுவரில் மாட்டிய டிவியிலும் தெரிய வேண்டும். திரை சின்னதானால் படம் சுருங்கும், பக்கத்தில் இருந்த எழுத்து கீழே இறங்கும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. தையல்காரர், பந்தல்காரர், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர் என்று யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். "நான் சொன்னது இது இல்லையே" என்று கேட்டே பாதி ஆயுசைக் கழித்தவர்கள்தானே நாம்.

முந்தி எங்கே?

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. முதலாளி போட்டோகிராபரை வைத்துத் தடபுடலாகப் படம் எடுத்திருந்தார். ஒரு பெண் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை தரையெல்லாம் விரிந்து அந்தக் கோடி வரைக்கும் போகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். போன் குறுகல் ஆயிற்றே, அதில் பெண்ணும் பாதி சோபாவும்தான் வந்தது. "போனுக்கு மட்டும் நின்ற வாக்கில் ஒரு படம் எடுத்துக் கொடுங்க சார்" என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தேன். எழுதியும் அனுப்பியிருந்தேன். எடுக்கவில்லை.

பக்கம் வெளியான அன்று போனை நீட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். "முந்தி எங்கம்மா? கஸ்டமர் முந்தியைப் பார்க்க வருவானா, சோபாவைப் பார்க்க வருவானா?" என்றார். முழுப் படத்தையும் சுருக்கிக் காட்டினேன். புடவை ரிப்பன் மாதிரி ஆகிவிட்டது, அதுவும் பிடிக்கவில்லை. திரும்பவும் அந்த நின்ற வாக்குப் படத்தைப் பற்றி எடுத்தேன். என் பிரச்சினையைத் தானே தீர்த்துவைக்கிற பெருந்தன்மையோடு சொன்னார்: "படமெல்லாம் திரும்ப எடுக்க முடியாதும்மா. பார்க்கறவங்க எல்லாம் போனைப் படுக்கப் போட்டுப் பார்க்கணும்னு மேலே ஒரு வரி எழுதிடு."

ஸ்கேல்

ஏனாத்தூர் பக்கம் ஒரு டைப்பிங், கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். நடத்துகிறவர் முன்பு டிராயிங் மாஸ்டராக இருந்தவர். நான் போனபோது மரஸ்கேலை மானிட்டர்மேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். அவர்கள் முத்திரை இரண்டு அங்குலம் இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் இருந்தது. போனில் அரை அங்குலம்கூடத் தேறவில்லை என்று ஸ்கேலோடு சேர்த்துக் காட்டினார்.

"சார், போனோட அகலமே ரெண்டரை அங்குலம்தான். முத்திரையே அதை அடைச்சிக்கினா பாடத்தோட பேரை எங்கே போடறது?" என்றேன். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற மனிதர் இவர், ஞாபகம் இருக்கட்டும். ஸ்கேலை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு அங்குலம்னு கமிட்டியில முடிவாயிடுச்சு. இனிமே போனைப் பெருசு பண்றது உங்க பொறுப்பு."

வெள்ளையா விடாதே

கல்யாண மண்டபக்காரர் நேர் எதிர். அவர் போனைத் தொடவே மாட்டார். மண்டப வாசலில் கதவு சைஸுக்கு ஒரு டிவி வாங்கி மாட்டி, அதில் பக்கத்தைத் திறந்துவைத்து, எதிரே நாற்காலி போட்டு என்னையும் உட்காரவைத்தார். அவ்வளவு அகலத்துக்கு எழுத்தை இழுத்துவிட்டால் படிக்கிறவர் கழுத்து வலிக்கும். அதனால் நடுவில் எழுத்தும் இரண்டு பக்கமும் வெற்றிடமுமாக விட்டிருந்தேன். அந்த வெற்றிடம் அவர் கண்ணை உறுத்தியது. "ரெண்டு பக்கமும் வாழைமரம் கட்டு" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். டிவியில் அவருக்குப் பரம திருப்தி. போனில் மட்டும் மரங்களை எடுத்துவிட்டிருந்தேன், இடம் வேண்டாமா? ஒரு வாரத்துக்குள் அவருடைய மருமகன் அதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொடுத்துவிட்டான். மரங்கள் போனுக்கும் திரும்ப வந்தன. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் போனில் திறந்தால், இரண்டு வாழைமரத்துக்கு நடுவே மண்டபத்தின் பெயர் ஒரு வரிக்கு ஒரு எழுத்தாகக் கீழே இறங்கிக்கொண்டு போகும். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று என்னை நிற்கவைத்துக் கேட்டவர், கடைசியில் சொன்னது: "பேரைப் படிக்கலைன்னா பரவால்லம்மா, மரம் இல்லாத வாசல்ல எவன் வந்து பொண்ணு குடுப்பான்?"

பக்கெட்

வெளியாட்களை மட்டும் சொன்னால் பாவம். எங்கள் தில்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவனிடம் ஒரு பெரிய புதுப் போன் இருக்கிறது. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு தடவை பார்ப்பான், "சூப்பரா இருக்குது" என்பான், வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவான். ஊரில் எல்லோரும் அந்தப் போனையா வைத்திருக்கிறார்கள்? அதனால் கண்ணாடி கீறின, பட்டன் தேய்ந்த, ரொம்பச் சின்னத் திரை போன் ஒன்றைத் தேடிப் பிடித்து மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அதில் சரியாகத் தெரிந்தால் உலகத்தில் எதிலும் தெரியும்.

ஒரு நாள் டிராயரைத் திறந்தால் போன் இல்லை. தெருவில் பழைய செல்போனுக்குச் சாமான் கொடுக்கிற வண்டி மைக் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. இவன் இறங்கிப்போய்க் கொடுத்துவிட்டு ஒரு நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டோடு மேலே வந்திருக்கிறான். அன்று சாயங்காலம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பக்கத்தை அதில் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. "இப்போ எதுல பார்க்கறது?" என்று கத்தினேன். "என் போன்ல பார்த்து அனுப்பிட்டேனே, அப்பவே!" என்றான். பிறகு, நான் கோபிப்பது பக்கெட்டைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டு அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான்: "பழைய போனுதானே கலை, எதுக்கு டென்ஷன் ஆவற? எங்கேயும் ஓட்டை இல்லை, நல்லாப் பாருப்பா."

கடைசிக் கட்டம்

சிரிக்கிறதெல்லாம் இதோடு போகட்டும். அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு மேனேஜர். அவர் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, ஆபரேஷன் முடிந்து போகிறவர்களுக்கு மருந்து விவரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு அட்டையில் க்யூஆர் கோடு மட்டும் அடித்துக் கொடுப்பது. போனில் ஸ்கேன் செய்தால் எங்கள் பக்கம் திறக்கும். இரண்டாவது, அந்தப் பக்கத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்க முடியாதபடி பூட்டுவது. டாக்டரிடம் காட்டும்போது கை பட்டுப் பக்கம் ஆடியதாம், அசிங்கமாக இருந்ததாம். "சார், கண்ணு சரியில்லாதவங்கதானே இங்கே வர்றாங்க, அவங்க பெருசு பண்ணித்தானே படிப்பாங்க?" என்று கேட்டேன். நான் வேறு பாஷை பேசுவதுபோலப் பார்த்தார். அவர் சொன்னதற்கெல்லாம் தில்லி தலையாட்டினான். பூட்டினேன்.

சில வாரம் கழித்து ஓரிக்கையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் ஸ்டெல்லா, ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அவருடைய அம்மாவுக்கு அங்கேதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று போட்டு எங்கள் நம்பர் இருக்கும். அதை ஆஸ்பத்திரி நம்பர் என்று நினைத்துவிட்டார். "மேடம், சொட்டு மருந்து பேரு தெரியுது, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு தெரியுது. அதுக்கப்புறம் இன்னொரு கட்டம் இருக்கற மாதிரி இருக்குது, அது திரைக்கு வெளியே போய்க்கினு இருக்குது. இழுத்தா வரலை. அதுல இன்னா இருக்குது?" என்றார்.

அந்தக் கட்டத்தில் இருந்தது 'எத்தனை வாரம்' என்பது. முதல் பாட்டில் தீர்ந்ததும் மருந்து முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது கண் சிவந்து, வலி தாங்காமல் அந்த அம்மா அழுதுகொண்டிருக்கிறார். "போன்ல கேட்டுக்கினு இருக்காதீங்க, உடனே அம்மாவைக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அவர் வேனிலேயே அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார். டாக்டர் உடனே பார்த்தார். நிறுத்திய மருந்தைத் திரும்ப ஆரம்பித்து, கூட ஒன்று எழுதிக்கொடுத்து, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். நான் ஸ்டெல்லாவின் போனை வாங்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட என் டிராயரில் இருந்த போனின் அளவு. அவர் என்னைத் திட்டவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டார்: "எழுதறவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, சரி. படிக்கறது எங்கம்மான்னு ஒருத்தருக்கும் தோணலையா மேடம்?"

ஆடுது

அங்கேயே, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் ஓர் ஓரமாக இடம் பிடித்து லேப்டாப்பைத் திறந்தேன். பூட்டை எடுத்தேன். அந்தக் கட்டங்களைக் கலைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் கீழே அதன் விவரம் முழுவதும் வரிவரியாக வரும்படி மாற்றினேன். யாரையும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவின் போனில் திறந்து, அவருடைய அம்மாவே நல்ல கண்ணால் வாரக் கணக்கைப் படிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பிறகு மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன்: "அட்டை இருக்கட்டும் சார், காகிதமும் கொடுக்கணும். இதைத் திரும்பப் பூட்டச் சொன்னீங்கன்னா நான் டாக்டர்கிட்டேயே போய்ப் பேசுவேன்." என் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காகிதம் திரும்ப வந்துவிட்டது. அந்த அம்மா தேறிவிட்டார், இப்போது வாரா வாரம் ஸ்டெல்லா போன் செய்து விசாரிக்கிற அளவுக்கு நாங்கள் பழக்கம். மேனேஜர் மட்டும் மறுநாளே கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி எடுத்தேன். குரலைத் தாழ்த்தி, ரொம்ப மனவருத்தத்தோடு சொன்னார்: "வர்றவங்க எல்லாம் விரலால இழுத்து இழுத்துப் பெருசு பண்ணிப் படிச்சிக்கினு இருக்காங்கம்மா, பார்க்கறதுக்கே நல்லா இல்லை."

எல்லா அளவுத் திரைக்கும் ஒரு பக்கத்தைச் சுருக்கவும் விரிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன். என் கோபத்தை அடக்குகிற அளவில் மட்டும் இதுவரை எந்தக் கம்பெனியும் ஒரு திரை விடவில்லை.